குளம் உண்டு, இறக்கிவிட ஆள் உண்டா?

இம்மாத வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: யோவான் 5:1-9, மாற்கு 2:1-12, யாத்திராகமம் 18:13-27



இம்மாதப் பாடம் வழக்கத்தைவிடச் சற்று வேறுபட்டது. வேதத்தோடு சில ஆராய்ச்சிக் கணக்குகளையும் சேர்த்துப் படிக்கப்போகிறோம். கணக்கு என்றதும் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். நூறு ஆடுகளை எண்ணிப் பார்த்த மேய்ப்பனுக்குத்தான் ஒன்று குறைவது தெரிந்தது. எண்ணாதவனுக்குக் காணாமற்போன ஆடு ஒருபோதும் காணாமற்போவதில்லை.

1. பெதஸ்தாவில் குறைவாய் இருந்தது எது?

யோவான் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெதஸ்தா குளத்தை நினைத்துப் பாருங்கள். எருசலேமில், ஆட்டு வாசலருகே இருந்த இடம் அது. ஐந்து மண்டபங்கள் இருந்தன. தண்ணீர் இருந்தது. அது கலங்கும் வேளையில் முதலில் இறங்குகிறவன் குணமாவான் என்ற நம்பிக்கையும் இருந்தது. வியாதியஸ்தர் திரளாய்க் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் முப்பத்தெட்டு வருஷம் வியாதியாய் இருந்தவன்.

குணமாக விருப்பமா என்று ஆண்டவர் கேட்டார். அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஒரு ஆள் இல்லை என்றான். தான் தட்டுத்தடுமாறிப் போவதற்குள் வேறொருவன் முந்திக்கொள்கிறான் என்றான்.

அவன் மண்டபத்தைப் பற்றிக் குறை சொல்லவில்லை, குளம் சிறியது என்றும் சொல்லவில்லை. அவனுடைய குறை ஒன்றே ஒன்று: ஆள் இல்லை. இம்மாதப் பாடம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையைப் பற்றியதுதான்.

2. குடவாசலிலிருந்து ஒரு பயணம்

இப்போது எருசலேமை விட்டு நம் காவிரிக் கரைக்கு வருவோம். குடவாசலுக்கு உட்புறமுள்ள ஒரு கிராமத்தில், நடவு வேலைக்குப் போகும் ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நாற்றுக் கட்டைத் தூக்கும்போது தொப்புளைச் சுற்றி வலி. சூட்டு வலி என்று வெந்தயத்தை வாயில் போட்டு மோரைக் குடிக்கிறாள். சாயங்காலம் வலி வலது பக்கம் இறங்குகிறது. மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குகிறாள். நடவு நாள் நான்கைந்துதான் கிடைக்கும். அந்தக் கூலியை விட மனமில்லை. புருஷன் திருப்பூரில் வேலை. மாமியார் கையில் காசில்லை. மறுநாள் இரவு காய்ச்சலும் வாந்தியும் வந்து, வயிறு பலகைபோல் இறுகிவிடுகிறது. குடல்வால் வீங்கி உடைந்துவிட்டது.

ஆராய்ச்சியாளர் இதை மூன்று தாமதங்களாகப் பிரித்துச் சொல்வார்கள். பிரசவத்தில் தாய்மார் ஏன் சாகிறார்கள் என்று ஆராய்ந்த இருவர், ததேயஸ், மெய்ன் என்பவர்கள், 1994-ல் இந்தப் பகுப்பை எழுதினார்கள். இன்று எல்லா ஆபரேஷனுக்கும் அது பொருந்துகிறது.

முதல் தாமதம், போகலாம் என்று முடிவெடுப்பதில். கூலி, கடன், பயம், துணைக்கு ஆள் இல்லாமை எல்லாம் இதில் சேரும்.

இரண்டாம் தாமதம், வழியில். நம் பகுதியில் இது முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. குடவாசலிலிருந்து மேற்கே நாச்சியார்கோவில் வழியாகக் கும்பகோணம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். கிழக்கே திருவாரூரும் அதிக தூரமில்லை. அங்கே 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது.

மூன்றாம் தாமதம், ஆஸ்பத்திரி வாசலுக்குள் போன பிறகு. நடுச்சாமம் இரண்டு மணிக்கு வயிற்றைத் திறக்கத் தெரிந்தவர் அங்கே இருக்கிறாரா? மயக்கம் கொடுப்பவர் இருக்கிறாரா? இரத்தம் இருக்கிறதா? இதில் ஒன்று இல்லாவிட்டாலும் நோயாளியின் சீட்டில் ஒரே ஒரு வார்த்தைதான் எழுதப்படும். அந்த வார்த்தை இன்று கிராமத்துப் பாட்டிக்கும் தெரியும். "ரெஃபர் பண்ணிட்டாங்க" என்பார்கள். அடுத்த ஊர், அடுத்த வாசல், மறுபடியும் காத்திருப்பு.

பெதஸ்தாவில் முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்தவனைப்போல் உடைந்த குடல்வால் காத்திருக்காது. அதற்குச் சில மணி நேரமே உண்டு.

3. எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது

மருத்துவத்தை எழுதி வைத்து எண்ணிப் பார்ப்பது நம் தஞ்சைச் சீமைக்குப் புதிதல்ல. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கராக வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சிக்காலம் 1798-1832), கண் நோயாளிகளின் விவரங்களைக் கண்ணின் படத்தோடு எழுதிவைக்கச் செய்தார். அந்த ஏடுகள் தஞ்சாவூர் சரசுவதி மகாலில் இன்றும் இருக்கின்றன. யாருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை, பார்வை எப்படியிருந்தது என்ற குறிப்புகள் அவற்றில் உண்டு. இன்றைய ஆராய்ச்சியின் விதையும் அதுவே.

இந்தியாவில் பெரும்பாலான மரணங்கள் வீட்டிலே நடக்கின்றன, காரணம் எழுதப்படுவதில்லை. ஆகவே இந்தியப் பதிவாளர் தலைமை அலுவலகத்தோடு சேர்ந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் மரணம் நடந்த வீட்டுக்குப் போய், என்ன வலி, எத்தனை நாள், எங்கே கொண்டுபோனீர்கள் என்று பொறுமையாய் விசாரித்து எழுதுவார். இரண்டு டாக்டர்கள் அதைத் தனித்தனியே படித்துக் காரணத்தைத் தீர்மானிப்பார்கள். பத்து லட்சம் மரணங்களின் ஆய்வு என்று இதற்குப் பெயர்.

அந்தக் குறிப்புகளிலிருந்து, உடனடி ஆபரேஷன் தேவைப்படும் வயிற்று நோய்களால் இறந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்து 2015-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குடல்புண் ஓட்டை விழுதல், குடல்வால் உடைதல், குடலிறக்கம் சிக்கிக்கொள்ளுதல் போன்றவை அவை. 2010-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் எழுபது வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய 72,000 பேர் இப்படி இறந்தார்கள் என்பது அவர்கள் கணிப்பு. அந்த மரணங்களில் நூற்றுக்கு 87 கிராமப்புறத்தில் நடந்தவை. நூற்றுக்கு 71 வீட்டிலே நடந்தவை.

பிறகு எந்தெந்தப் பகுதியில் இந்த மரணங்கள் கொத்துக் கொத்தாய் நடக்கின்றன, அங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்தார்கள். நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டிய இடம் இது. போர்டு மாட்டிய ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரத்தை மட்டும் அவர்கள் அளந்து நிறுத்திவிடவில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் அறுவை மருத்துவரும், மயக்க மருந்தும், இரத்த வங்கியும், தீவிர சிகிச்சைப் படுக்கையும், பரிசோதனைக் கூடமும் உள்ள மாவட்ட மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். அப்படிப்பட்ட மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், அந்த ஊர் மரணம் மிகுந்த பகுதிகளில் ஒன்றாய் இருக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் அதிகம். 100 கிலோமீட்டருக்கு அப்பாலானால் பதினாறு மடங்கு.

வரைபடத்திலுள்ள தூரம் வேறு, ஆள் இருக்கும் இடத்துக்குள்ள தூரம் வேறு. நமக்கு அருகே ஒரு கட்டிடம் இருந்து, அதில் இரவில் ஆள் இல்லாவிட்டால், ஆள் இருக்கும் அடுத்த ஊர் வரையிலும் உள்ள தூரமே நம்முடைய தூரம்.

அதே 2015-ல், உலகின் பல நாடுகளைச் சேர்ந்த நிபுணர்கள் அடங்கிய லான்செட் ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. பாதுகாப்பான, கையில் உள்ள பணத்துக்குத் தக்க ஆபரேஷன் வசதி இல்லாதவர்கள் உலகில் 500 கோடி பேர் என்றார்கள். வருஷந்தோறும் இன்னும் 14.3 கோடி ஆபரேஷன்கள் கூடுதலாய் நடந்தாக வேண்டும் என்றார்கள். மூன்று ஆபரேஷன்களை அடையாளமாக வைத்தார்கள்: பிரசவத்தில் சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அவசர ஆபரேஷன், எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கான சிகிச்சை. இந்த மூன்றும் செய்யக்கூடிய மருத்துவமனை பெரும்பாலான மற்றவற்றையும் செய்யக்கூடும். அப்படி ஒரு மருத்துவமனைக்கு ஜனங்களில் நூற்றுக்கு எண்பது பேராவது இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். லட்சம் பேருக்கு அறுவை, மயக்கம், மகப்பேறு நிபுணர்கள் சேர்ந்து குறைந்தது 20 பேராவது வேண்டும். 2030-க்குள் இதை எட்ட வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. அவ்வாண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவையும் இதை ஆதரித்துத் தீர்மானம் செய்தது.

நம் தேசத்தின் கணக்கையும் பாருங்கள். கிராமப்புற சமுதாய சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு அறுவை மருத்துவர் வேண்டும் என்பது விதி. 2022 மார்ச் மாதக் கணக்கின்படி இந்தியா முழுவதும் வேண்டியவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் இல்லை. கட்டிடங்கள் இருக்கின்றன. ஐந்து மண்டபங்களும் உண்டு, குளமும் உண்டு.

4. ஒரு ஆபரேஷனுக்கு எத்தனை கைகள்?

ஆபரேஷன் என்றதும் நம் மனதில் வருவது முகத்தை மூடிக்கொண்டு கத்தியோடு நிற்கும் ஒரு டாக்டர். மாற்கு இரண்டாம் அதிகாரம் அந்தப் படத்தைத் திருத்துகிறது. திமிர்வாதக்காரனை நான்குபேர் சுமந்து வந்தார்கள். வாசல் நெருக்கமாயிருந்ததால் கூரையைப் பிரித்துப் படுக்கையோடே இறக்கினார்கள். அந்த நால்வரில் ஒருவன் கையை விட்டிருந்தால் படுக்கை சாய்ந்திருக்கும்.

நம் தியேட்டரிலும் அப்படியே. மயக்க மருத்துவர் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கருவிகளை எடுத்துத்தரும் நர்ஸ், பஞ்சையும் துணியையும் எண்ணிக் கணக்குச் சொல்கிறார். ஒன்று குறைந்தால் வயிற்றை மூட விடமாட்டார். விடியற்காலம் நான்கு மணிக்கு வந்து ஆட்டோகிளேவில் துணிகளை அவித்துவைத்த உதவியாளர் இல்லாமல் எதையும் தொட முடியாது. இரத்தத்தை வகை பார்த்துப் பொருத்திக் கொடுக்கும் லேப் டெக்னீஷியன் வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டரை ஓடிப்போய்ப் போடுகிறவர் வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு இராமுழுவதும் விழித்திருந்து, மூச்சு தவறுகிறதா, கட்டில் இரத்தம் ஊறுகிறதா என்று பார்க்கும் நைட் டூட்டி நர்ஸ் வேண்டும். நல்ல கையால் செய்யப்பட்ட ஆபரேஷன்கள் கவனிப்பாரற்ற இராத்திரியில் தோற்றுப்போனதுண்டு.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த உண்மையை நன்றாய்ப் புரிந்துகொண்டது. கிராமத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளியை ஆயத்தப்படுத்துவது, கண்ணை அளப்பது, தியேட்டரில் உதவுவது எல்லாவற்றையும் அவர்கள் செய்ய, அறுவை மருத்துவர் தாம் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்தார். உலகமெங்கும் இருந்து அதைப் பார்த்துப் படிக்க வருகிறார்கள்.

யாத்திராகமம் 18-ல் எத்திரோ தன் மருமகன் மோசேக்குச் சொன்ன புத்தியும் இதுவே. காலைமுதல் மாலைமட்டும் ஒருவனே எல்லா வழக்கையும் விசாரித்தால் அவனும் இளைத்துப்போவான், ஜனங்களும் இளைத்துப்போவார்கள். தகுதியுள்ளவர்களைத் தெரிந்தெடு, கற்றுக்கொடு, பெரிய காரியத்தை மட்டும் உன்னிடம் கொண்டுவரச் சொல் என்றார். தகுதியைப் பார்ப்பதும் கற்றுக்கொடுப்பதும் அந்த ஆலோசனையின் பாதி என்பதை மறக்கக்கூடாது. ஏழைக்கு அரைகுறை கை போதும் என்று எத்திரோ சொல்லவில்லை.

5. முன்னோர் காட்டிய மூன்று வழிகள்

ஆள் இல்லாத குறையை நம் மிஷன் முன்னோரும் கண்டார்கள். மூவர் மூன்று விதமாய் அதற்குப் பதில் செய்தார்கள்.

முதலாவது, தாமே வந்தவர். டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல் 1922-ல் எவரெஸ்ட் மலையேறும் குழுவில் வந்தவர். மலையிலிருந்து இறங்கிய பிறகு தேசத்தைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டு, கன்னியாகுமரிப் பக்கம் நெய்யூர் இலண்டன் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். ஆபரேஷனுக்காகத் திரளாய்க் காத்திருந்தவர்களையும், அவர்களுக்கென்று தனியே பாடுபட்ட ஒரே அறுவை மருத்துவரையும் கண்டார். இலண்டனில் காத்திருந்த பெரிய எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கே திரும்பினார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு அங்கே கத்தி பிடித்தார்.

இரண்டாவது, பள்ளிக்கூடம் வைத்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனைக்கு உதவி கேட்டு வந்ததையும், ஆண் மருத்துவரை அனுமதிக்க முடியாது என்று திரும்பிப்போனதையும், விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்ததையும் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் சரித்திரத்தில் நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அப்போது மருத்துவம் படிக்காத இளம்பெண்ணாயிருந்த அவர், படித்துவிட்டு 1900-ல் திரும்பி வந்தார். 1902-ல் வேலூரில் மருத்துவமனை எழும்பியது. ஆனால் தம் இரண்டு கைகள் போதாது என்று கண்ட அவர் 1909-ல் நர்சுப் பள்ளியையும், 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதன் கனி. சபைகளின் சிபாரிசில் அங்கே சேர்ந்து படித்தவர்கள், படிப்பு முடிந்ததும் மிஷன் மருத்துவமனைகளில் சேவை செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டால் எத்தனை சிறிய ஆஸ்பத்திரிகளின் தியேட்டர் விளக்கு அணையாமல் எரிந்தது!

மூன்றாவது, நம்மில் பலர் அறியாதவர். டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் வாலிபருக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்றுக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டார். ஆகவே அவர் தாமே தமிழ் படித்து, தமிழிலே பாடம் நடத்தி, வைத்திய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். பிரசவ வைத்தியத்துக்கு ஒரு நூல், உடல் அமைப்புக்கு ஒரு நூல், 1867-ல் அறுவை சிகிச்சைக்கென்றே "இரணவைத்தியம்" என்ற நூல். அவரிடம் பயின்றவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். தமிழில் படித்தவன் தன் ஜனத்தோடே தங்கி, தன் ஊரிலே வைத்தியம் செய்வான் என்பது அவர் நம்பிக்கை.

இதை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். கிராமத்தில் மருத்துவர் தங்குவதற்கு என்ன வழி என்று உலக சுகாதார நிறுவனம் பல தேசத்து ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் ஆலோசனைகள் வெளியிட்டது. கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவையுங்கள், பெரிய பட்டணத்துக்கு வெளியே பயிற்சி கொடுங்கள், கிராமத் தேவைக்கேற்றபடி பாடத்தை அமையுங்கள், வசிக்க நல்ல வீடும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பாருங்கள், தனியாய் விட்டுவிடாமல் துணைநில்லுங்கள் என்பவை அவற்றில் சில. மானிப்பாயில் அதற்கு நூற்றைம்பது வருஷம் முன்னே, கையில் ஒரு தமிழ் அகராதியோடு உட்கார்ந்து, ஒரு மிஷனரி அந்தப் பாதையில் நடந்திருக்கிறார்.

முதலாம் வழி ஒரு வாழ்நாளோடு முடியும். இரண்டாம் மூன்றாம் வழிகள் தலைமுறைக்கும் நிற்கும்.

6. நம் மாநிலம் செய்திருப்பது

அரசாங்கம் செய்த நன்மையைச் சொல்லாமல் விடுவது சாட்சியாகாது. அரசுப் பணியிலுள்ள டாக்டர்களுக்குத் தமிழ்நாடு வெகுகாலமாய் மேற்படிப்பில் தனி இடங்கள் ஒதுக்கியது. கிராமத்தில் வேலை செய்தவர் நிபுணராகி மறுபடியும் அரசுப் பணிக்கே வர வேண்டும் என்பது நிபந்தனை. இடையில் தடைபட்ட இந்த ஒதுக்கீட்டைச் செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எம்.பி.பி.எஸ். முடித்த அரசு டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவசரப் பிரசவ ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கப் பழக்கும் மத்திய அரசுத் திட்டமும் உண்டு. 2009-ல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டத்தால் ஏழைகளுக்குப் பல ஆபரேஷன்கள் இலவசமாயின. 2021 டிசம்பர் முதல் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை செலவை அரசு ஏற்கிறது. 2018-20 கணக்கில், லட்சம் பிரசவத்துக்கு இறந்த தாய்மார் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. ஆளையும் வழியையும் ஒழுங்காய் ஏற்படுத்தினால் உயிர் தப்பும் என்பதற்கு இது அத்தாட்சி.

அப்படியானால் நமக்கு என்ன மீதி? இரண்டு காரியங்கள்.

ஒன்று, ஆபரேஷன் இலவசமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போவது இலவசமல்ல. லான்செட் அறிக்கை சொல்கிறது: ஆபரேஷன் செலவால் மட்டும் வருஷத்துக்கு 3.3 கோடி பேர் தாங்க முடியாத செலவில் விழுகிறார்கள். பயணம், சாப்பாடு போன்ற மற்றச் செலவுகளால் இன்னும் 4.8 கோடி பேர். குடலிறக்கத்தையும், யானைக்கால் கிருமியால் வரும் விரைவீக்கத்தையும் நம் பகுதி ஆண்கள் வருஷக்கணக்காய் வேட்டிக்குள் மறைத்துச் சுமப்பதும், அடி இறங்கிய கர்ப்பப்பையோடு பெண்கள் நடவு நடுவதும் இதனாலும் வெட்கத்தினாலும்தான். படுத்திருக்கும் நாளுக்குக் கூலி யார் தருவார்? கூட இருக்கும் பெண்ணுக்குச் சோறு யார் போடுவார்?

இரண்டாவது, ஆட்களை உருவாக்குவதும் தங்கவைப்பதும்.

7. போர்வை மூடிய மெஷின்

இதை எழுதுகிறவன் பல வருஷங்களுக்கு முன் வேலைசெய்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சபைப் பெரியவர் ஒருவர் தம் தாயாரின் ஞாபகமாய் மயக்கம் கொடுக்கும் பாயில்ஸ் மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பிரதிஷ்டை ஆராதனை வைத்தோம். பெயர்ப்பலகை பதித்தோம். இரண்டே மாதத்தில் மயக்க மருத்துவர் பிள்ளைகளின் படிப்புக்காகப் பட்டணத்துக்குப் போய்விட்டார். வேறொருவர் கிடைக்கவில்லை. தூசி படியாமலிருக்க மெஷின்மேல் பழைய பெட்ஷீட் ஒன்றைப் போர்த்தினோம்.

எட்டு மாதம் கழித்து அந்தப் பெரியவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். போர்வையைத் தூக்கிப் பார்த்தார். "இதை வச்சு எத்தனை பேருக்கு மயக்கம் கொடுத்திருக்கீங்க, தம்பி?" என்று கேட்டார். கோபமாய்க் கேட்கவில்லை. எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்த எட்டு மாதத்தில் எங்கள் வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கணக்கு மட்டும் ரிஜிஸ்தரில் இருந்தது. அதையே எடுத்துக் காட்டினேன்.

அவர் வெகுநேரம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் அவர் கொடுத்த காணிக்கை கருவிக்கு அல்ல. எங்களிடம் வேலைசெய்த ஒரு இளம் டாக்டர் மயக்க மருந்து டிப்ளமா படிக்க இரண்டு வருஷச் செலவுக்குக் கொடுத்தார். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு வருஷமும் போர்வை அப்படியே இருந்தது. அந்த டாக்டர் திரும்பி வந்த வாரத்தில் அது எடுக்கப்பட்டது.

நாங்கள் செய்த பிழை கருவியைப் பெற்றுக்கொண்டது அல்ல. ஆளைப் பற்றிப் பேசாமல் பெற்றுக்கொண்டதே பிழை. கொடுத்தவரிடம் உண்மைத் தேவையைச் சொல்ல எங்களுக்குக் கூச்சம். சம்பளத்துக்கும் படிப்புக்கும் யார் காணிக்கை கொடுப்பார் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம்.

பிரியமானவர்களே, கட்டிடத்தையும் கருவியையும் அற்பமாய் எண்ண வேண்டாம். குளம் இல்லாமல் இறக்கிவிடுகிறவன் என்ன செய்வான்? ஆனால் இனி ஒரு கருவிக்கென்று உங்களிடம் கேட்கும் எந்த ஆஸ்பத்திரியிடமும், எங்களையும் சேர்த்து, மூன்று கேள்வி கேளுங்கள்: இதை இயக்குகிறவர் யார்? அவர் விடுப்பில் போனால் மாற்று ஆள் யார்? ஐந்து வருஷம் கழித்தும் அவர் இங்கே தங்க நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? பதில் சொல்ல முடியாத ஆஸ்பத்திரிக்கு உங்கள் கேள்வியே முதல் காணிக்கை.

நர்சு மாணவி ஒருத்தியின் படிப்புச் செலவு, தியேட்டர் உதவியாளரின் சம்பளம், தனியாய்ப் பாடுபடும் டாக்டர் வருஷத்தில் ஒரு மாதம் ஓய்வெடுக்க மாற்று டாக்டருக்கான செலவு, நோயாளியோடு தங்கும் பெண்ணின் சாப்பாடு: இவையெல்லாம் படம்பிடித்துப் பத்திரிகையில் போடமுடியாத காணிக்கைகள். கூரையைப் பிரித்த அந்த நால்வரின் பெயர்களும் வேதத்தில் இல்லை. அவர்களுடைய விசுவாசத்தை ஆண்டவர் கண்டார் என்றுதான் இருக்கிறது.

சபையிலும் குடும்ப ஜெபத்திலும் சிந்திக்க

1. யோவான் 5-ல் வியாதியஸ்தன் சொன்ன குறையை இன்று நம் ஊரில் யார் சொல்லக்கூடும்? அவர் வீடு எது?

2. உங்கள் கிராமத்தில் கடந்த ஒரு வருஷத்தில் வயிற்று வலியாலோ, பிரசவத்திலோ, விபத்திலோ இறந்தவர் உண்டா? மூன்று தாமதங்களில் எது அவர் வழியில் நின்றது? பழி சொல்லாமல் பேசிப் பாருங்கள்.

3. குடலிறக்கம், விரைவீக்கம், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள் வெட்கத்தால் மறைத்திருக்கிறார்களா? பெண்கள் ஐக்கியம் அவர்களைச் சந்தித்து, ஆஸ்பத்திரிக்குத் துணை போக முடியுமா?

4. உங்கள் சபையில் மருத்துவமோ நர்சு வேலையோ படிக்க விரும்பும் ஏழைப் பிள்ளை யார்? படித்தபின் நம் பகுதியிலேயே பணிசெய்ய அந்தப் பிள்ளையை எப்படித் தாங்கலாம்?

ஜெபக் குறிப்புகள்

இரவில் தனியாய் முடிவெடுக்க வேண்டிய அறுவை மருத்துவர்களுக்காக. தலைமாட்டில் விழித்திருக்கும் மயக்க மருத்துவர்களுக்காக. பெயர் தெரியாத நைட் டூட்டி நர்சுகளுக்காக. பட்டணத்துக்குப் போக நினைத்தும் நம்மோடு தங்கியிருக்கிற குடும்பங்களுக்காகவும் அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்காகவும். ஆளும் ஆஸ்பத்திரியும் எங்கே வேண்டும் என்று திட்டமிடும் அதிகாரிகளுக்காக.

தண்ணீர் கலங்கும் வேளையில் குடவாசல் பக்கத்து எந்தத் தாயும் எனக்கு ஆள் இல்லை என்று சொல்லாதபடிக்கு, கர்த்தர் நம் கைகளை உபயோகிப்பாராக. ஆமென்.